அந்தரங்க ஜெபம்

முப்பத்தெட்டு வருசம்
நூல் மிஷின்களுக்கு நடுவில் நின்றதில்
அப்பாவின் காதுகள்
அவருக்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டன.

விக்கிரமசிங்கபுரத்தில் பத்து வீட்டு வளவு.
வீட்டுக்கு வீடு சுவர் உண்டு,
அதுவும் உத்திரத்தோடு நின்றுவிடும்.
அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே ஓடு, ஒரே இருட்டு.

முதல் ஷிப்டுக்கு முன், நாலரைக்கு எழுந்து,
குளித்து, உள்ளறைக் கதவைச் சாத்தி
மண்டியிடுவார்.
ஆண்டவரிடம் மட்டும் பேசுவதாகத்தான்
அவருக்கு நினைப்பு.

"ஆண்டவரே, ரெபேக்காளுக்குக் கணக்குல பன்னெண்டு மார்க்கு.
சின்னவன் ஆத்துப் படித்துறையில பீடி குடிக்கான்.
நேத்து ஞானப்பூவைக் கை நீட்டிட்டேன்.
அந்தக் கையை முடக்கிப் போடும்,
வேலைக்குக் கை வேணுமேன்னா, மன்னியும்."

சுவருக்கு அந்தப் பக்கம்
பேச்சிமுத்து வீட்டில் வாளிச் சத்தம் நிற்கும்.

பன்னெண்டு மார்க்கு நான்தான்.
குழாயடியில் குடத்தோடு போய் நின்றால்
பாவம் என்று வழிவிட்டார்கள்.
செத்துவிடலாம் போல இருந்தது.
அவரிடம் சொல்லேன் என்று அம்மாவிடம் அழுதேன்.
அடி வாங்கிய கன்னத்தோடு அம்மா சொன்னாள்:
"ஏட்டி, நாள் பூரா மிஷினுகிட்ட கத்துத மனுசன்.
பேச ஒரு ஆளு இருந்துட்டுப் போகட்டும்."

மில்லைப் பூட்டிய வருசம்
ஏழு மாதம் சம்பளமில்லை.
சூளையில் செங்கல் சுமந்தார்.
அம்பாசமுத்திரத்தில் வாழைத்தார் ஏற்றினார்.
ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குப் பாபநாசத்தில்
சைக்கிள் டோக்கன் போட்டார்.
அதிலும் பத்தில் ஒன்று காணிக்கை உறைக்குள் போனபோது
அம்மா ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை.
ஒன்பது நாளும் அதையும் சொன்னார்,
ஆண்டவரிடம், சத்தமாக.

ஒரு விடியலில்
"அரிசி நாளைக்கு மட்டுந்தான் வரும், ஆண்டவரே."
மறுநாள் வாசலில் ஒரு ஓலைப்பெட்டி அரிசி.
அடுத்த வாரம், நாலாக மடித்த வெற்றிலைக்குள்
அக்காவின் பரீட்சைப் பணம்.
பெட்டியின் மூலை பிய்ந்து
நீல நூலால் தைத்திருந்தது. யார் வீட்டு நூல் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அப்பா அதைத் தலைக்கு மேலே தூக்கி
ஸ்தோத்திரம் என்றார்.
அந்தப் பக்கம் யாரோ
சிரிப்பை இருமலாக்கினார்கள்.

மில் திறந்தது. ஜெபம் நீண்டது.
மூன்றாம் வீட்டுச் சுடலிக்குச் சுகப்பிரசவம்,
ஏழாம் வீட்டு மைதீன்பிச்சைக்கு நெஞ்சுச் சளி,
பேச்சிமுத்து மகனுக்கு ராணுவத்தில் லீவு.
ஒவ்வொரு வீடும்
தன் பேர் வரும்வரை படுத்திருந்து
அதன்பின் அடுப்பைப் பற்றவைத்தது.

எழுபத்தெட்டாம் வயதில்
சின்னவன் மஸ்கட்டிலிருந்து
காது மிஷின் கொண்டுவந்தான்.
முதல் நாள் காக்காய் கத்தியதற்கே சிரித்தார்.
மறுநாள் நாலரைக்கு
அதைக் கழற்றாமலே மண்டியிட்டார்.
"ஆண்டவரே" என்றார்.
அவ்வளவுதான்.
வெகுநேரம் கதவு திறக்கவில்லை.

வெளியே வந்தபோது மிஷின் சட்டைப்பையில்.
பேட்டரி சரியில்லை என்றார்.
சாயங்காலம் சந்தைக்குப் போய்
ஒன்பது ஓலைப்பெட்டி வாங்கிவந்தார்.
இருட்டியதும் அரிசி நிரப்பி
வாசல் வாசலாக வைத்தார், செருப்பில்லாமல்.
ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.
விடிந்ததும் அதே சத்தம்,
அதே ஆண்டவர்,
வரிசை மாறாமல் அதே வீடுகள்.

போன கார்த்திகையில், தொண்ணூற்றொன்றில்.
கல்லறைத் தோட்டத்தில் ஐயர் வாசித்தார்:
மாசிலாமணி, பிறந்த தேதி, பிள்ளைகள் ஐவர்,
சபைக் கமிட்டியில் இருபது வருசம்.
நாலு நிமிஷத்தில் முடிந்தது.

திரும்பும் வழியில் பேச்சிமுத்துவின் மருமகள்
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"நாலரைக்கு முழிப்புத் தட்டிருது மதினி.
எந்திரிக்கவும் தோணல.
எங்க பேரு வரட்டும்னு
சும்மா கெடக்கோம்."